நார்மானியப் போதிகைகள் உண்மையில் நார்மண்டியிலிருந்து வந்தவையா?

நெடுந்தூண் (கேள்வி):

வணக்கம். இடைக்கால ஐரோப்பியக் கட்டடக்கலையைப் பற்றிப் படித்துவரும்போது ஓர் இடத்தில் தெளிவு கிடைக்காமல் நிற்கிறேன். துறை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

1066 ஆம் ஆண்டில் வடபிரான்சிலுள்ள நார்மண்டியின் பிரபு வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அங்கே எழுந்த பேராலயங்களின் படங்களைப் பார்த்தால், தூண்களின் தலையில் அமர்ந்திருக்கும் போதிகைகளுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவைபோல் தெரிகின்றன. மேற்புறம் சதுரமாகவும் அடிப்புறம் வட்டமாகவும் இருக்கின்றன. நான்கு பக்கங்களிலும் நேர்க்கோடு மேலேயும் வளைவு கீழேயுமாக அரைவட்ட முகங்கள் அமைந்திருக்கின்றன. சிற்பம் என்று சொல்ல எதுவும் இல்லை. மெத்தைப் போதிகை என்று நூல்கள் குறிப்பிடும் இதனைத்தான் நார்மானியக் கட்டடங்களின் அடையாளம் என்று பல அறிமுக நூல்கள் சொல்கின்றன.

ஆனால் அதே வில்லியம் நார்மண்டியிலுள்ள கான் நகரில் கட்டிய புனித ஸ்தேவான் மடாலயத்தைப் பார்த்தால், அங்கே மூலைகளில் சுருள்களோடு கூடிய வேறு வகைப் போதிகைகள் இருக்கின்றன. சிசிலியில் நார்மானிய அரசர்கள் எழுப்பிய மொன்ரியாலே பேராலயத்துக்குச் சென்றால் பளிங்கில் குடைந்த இலைகளும் மனித உருவங்களும் நிறைந்திருக்கின்றன. மூன்று நாடுகளில் ஆண்டவர்கள் ஒரே மரபினர். போதிகைகளோ மூன்று விதம். அப்படியிருக்க, நார்மானியப் போதிகை என்று ஒன்றைச் சுட்டுவது சரிதானா? இங்கிலாந்தில் காணப்படும் எளிமைக்குக் காரணம் அவசரமா, தேர்ந்த சிற்பிகள் இல்லாமையா, அல்லது அவர்களுடைய விருப்பமே அதுதானா?

உளிமொழி:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வடிவம் புரிந்துவிட்டால் மற்றவை எளிதாகும்.

போதிகையின் முதல் வேலை அலங்காரமன்று. கீழே நிற்பது உருண்டையான தூண். மேலே வந்து அமர்வது சதுரக் குறுக்குவெட்டு உடைய வளைவின் அடிக்கல். அந்த வளைவு தூணைவிட அகலமான சுவரைச் சுமக்கிறது. வட்டத்திலிருந்து சதுரத்துக்கும், குறுகிய பரப்பிலிருந்து அகன்ற பரப்புக்கும் பாரத்தை மாற்றித் தரும் கல்லே போதிகை. அதன்மேல் படுக்கையாக வைக்கப்படும் தட்டையான கல்லைப் பலகை என்கிறோம். நார்மானியச் சுவர்கள் மிகவும் தடிமனானவை என்பதால், இந்த மாற்றம் அங்கே பெரிய அளவில் நிகழ வேண்டியிருந்தது.

பழைய கிரேக்க, உரோமானியக் கட்டடங்களின் கொரிந்திய மரபில் வந்த போதிகை இந்தச் சிக்கலை இலைகளால் மறைக்கிறது. மெத்தைப் போதிகை அதை வெளிப்படையாகத் தீர்க்கிறது. ஒரு கனசதுரத்தையும் ஒரு கோளத்தையும் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் விட்டுவைத்தால் கிடைப்பதே இதன் கீழ்ப்பாதி. கல்தச்சர் முதலில் கல்லைச் சதுரமாக வெட்டி, மேற்பரப்பைத் தொடாமல் விட்டு, அடிப்பரப்பில் தூணின் விட்டத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, நான்கு பக்கங்களிலும் அரைவட்டம் வரைந்துகொண்டு, இந்தக் கோடுகளுக்கு வெளியே இருக்கும் கீழ்மூலைகளை மட்டும் உருட்டி எடுத்துவிடுவார். கவராயமும் மட்டப்பலகையும் கோடரியும் போதும். ஓர் ஆள் செய்ததைப் பார்த்து அடுத்தவர் பிழையில்லாமல் செய்யலாம். நூற்றுக்கணக்கான போதிகைகள் ஒரே நேரத்தில் தேவைப்படும் பணியிடத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்பதை எண்ணிப் பாருங்கள். வெற்றி பெற்ற ஓரிரு தலைமுறைக்குள் இங்கிலாந்தின் ஏறத்தாழ எல்லாப் பேராலயங்களையும் பெரிய மடாலயங்களையும் அவர்கள் புதிதாகக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். எனவே வேகம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த வடிவத்துக்கு ஒரு குறை உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. அரைவட்டத்தின் ஆழம் அதன் அகலத்தில் பாதி. ஆகவே போதிகை அகலமாக ஆக, அதன் உயரமும் கூடியே தீர வேண்டும். மெல்லிய தூணுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் பருத்த தூணுக்கோ, நீள்சதுர வடிவத் தாங்குசுவருக்கோ ஒற்றை அரைவட்டம் வைத்தால் போதிகை பூதாகரமாகிவிடும். இதற்கு இரண்டு விடைகளைக் கண்டார்கள். 1093 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்ட டர்ஹாம் பேராலயத்தில், சுற்றளவும் உயரமும் ஏறத்தாழ 6.6 மீட்டர் என்று சொல்லப்படும் அந்தப் பெரும் உருளைத் தூண்களுக்கு, நான்கு முகங்களுக்குப் பதிலாக எட்டு முகங்கள் கொண்ட போதிகைகளை வைத்தார்கள். மற்றொரு விடை, ஒரு முகத்தின் அகலத்தைப் பல சிறு அரைவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கூம்பை இறக்குவது. பார்வைக்குப் பாவாடை மடிப்புபோலத் தோன்றும் இதனை மடிப்புப் போதிகை என்று சொல்லலாம். அகலம் எதுவானாலும் மடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டால் உயரம் மாறாது. 12 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயங்கள் வரை இந்த வகை பரவியதற்கு அழகைவிட இந்த நெகிழ்வே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

பழஞ்சுவர்:

உளிமொழி அவர்கள் வடிவத்தை விளக்கிவிட்டார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மெத்தைப் போதிகையின் சொந்த ஊர் நார்மண்டி அன்று. ஜெர்மானியப் பேரரசின் நிலப்பகுதி. ஹில்டெஸ்ஹைம் நகரில் ஆயர் பெர்ன்வார்ட் 1010 ஆம் ஆண்டில் தொடங்கிய புனித மிக்கேல் ஆலயத்தில் அது முழு வளர்ச்சி பெற்ற வடிவில் இருக்கிறது. ரைன் ஆற்றங்கரையில் ஸ்பையர் பேராலயத்தின் நிலவறை 1041 ஆம் ஆண்டில் புனிதப்படுத்தப்பட்டது. அங்கே தாழ்ந்த விதானத்தின்கீழ் வரிசை வரிசையாக நிற்கும் குட்டைத் தூண்கள் அனைத்துக்கும் இதே போதிகைதான். வில்லியம் அப்போது பதின்பருவத்தைக்கூடத் தாண்டாதவர்.

அதே காலத்தில் நார்மண்டியில் என்ன நடந்தது என்று பார்த்தால் வேறு கதை. பெர்னே மடாலயத்தின் போதிகைகள் இலையும் சுருளும் கொண்டவை. அவற்றுள் ஒன்றில், இசம்பார்துஸ் என்னைச் செய்தான் என்று பொருள்படும் இலத்தீன் வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. தன் பெயரைக் கல்லில் வெட்டிவைக்கும் துணிவு ஒரு கல்தச்சருக்கு இருந்தது என்பதே அந்த மரபின் தன்மையைக் காட்டுகிறது. பின்னர் கான் நகரில், 1077 ஆம் ஆண்டில் புனிதப்படுத்தப்பட்ட புனித ஸ்தேவான் மடாலயத்துக்கு வரும்போது கொரிந்திய வடிவம் மிகவும் சுருங்கிவிடுகிறது. கொரிந்தியப் போதிகைக்குரிய அகாந்தஸ் என்ற செடியின் இலைகளுடைய விளிம்புகள் மறைந்து, மூலைகளில் சுருள்களும் நடுவில் ஒரு சிறு புடைப்பும் மட்டும் மிஞ்சுகின்றன. எளிமை என்று பார்த்தால் அதுவும் எளிமைதான். ஆனால் உரோமாபுரியிலிருந்து தேய்ந்து தேய்ந்து வந்த எளிமை. கனசதுரத்திலிருந்து பிறந்த ஜெர்மானிய எளிமையோடு அதற்கு உறவில்லை.

இங்கிலாந்தில் இரண்டும் சந்திக்கின்றன. இலண்டன் கோபுரத்தின் வெள்ளைக் கோட்டைக்குள் இருக்கும் புனித யோவான் சிற்றாலயத்தில் கான் நகரத்துச் சுருள்களின் உறவினரைக் காணலாம். ஆனால் 1079 ஆம் ஆண்டில் தொடங்கிய வின்செஸ்டர் பேராலயத்தின் குறுக்குக் கூடங்களில் மெத்தைப் போதிகை வந்துவிட்டது. அதைக் கட்டுவித்த ஆயர் வால்கெலின் நார்மண்டிக்காரர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கட்டுவித்தவர் நார்மானியர், போதிகை பேரரசு நாட்டினுடையது.

எப்படி வந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1066 ஆம் ஆண்டுக்கு முன்பே இங்கிலாந்துத் திருச்சபைக்கும், ஜெர்மானியப் பேரரசின் மேற்குப் பகுதியான லோதரிங்கியா நாட்டுக்கும் நெருக்கமான தொடர்பு இருந்தது. அந்த வழியில் வடிவம் முன்னரே வந்திருக்கலாம் என்பது ஒரு சாராரின் வாதம். வெற்றிக்குப் பிறகும் அந்தத் தொடர்பு அறுந்துவிடவில்லை. 1071 முதல் 1080 வரை டர்ஹாமின் ஆயராக இருந்த வால்கர், லோதரிங்கியாவின் லியேஜ் பகுதியிலிருந்து வந்தவர். 1079 ஆம் ஆண்டில் ஹெர்ஃபோர்டுக்கு ஆயரான ராபர்ட்டும் லோதரிங்கியர். அவர் ஆகன் நகரில் சார்லமேன் கட்டிய ஆலயத்தைப் பின்பற்றி ஒரு சிற்றாலயம் எழுப்பினார் என்று 12 ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் வில்லியம் ஆஃப் மாம்ஸ்பரி பதிவுசெய்திருக்கிறார். அதன் பெரும்பகுதி 18 ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது என்பது வருத்தத்துக்குரியது. வெற்றி பெற்ற அரசர் தாம் ஆண்டுவந்த நாட்டின் கலையை மட்டும் கொண்டுவந்து நட்டார் என்று எண்ணுவது எளிதான கதை; ஆனால் அவருடைய ஆயர்கள் பல திசைகளிலிருந்து வந்தவர்கள்.

ஆக, இந்தப் போதிகையை நார்மானியம் என்று அழைப்பது ஆட்சியைச் சுட்டும் பெயராக மட்டுமே பொருந்தும். வடிவத்தின் பிறப்பைச் சுட்டும் பெயராக அது பொருந்தாது.

கற்குறி:

மேலே வந்த இரண்டு பதில்களையும் ஏற்கிறேன்; ஆனால் வேகம், வசதி என்ற விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் சிற்பத் திறமை இல்லை என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. காண்டர்பரிப் பேராலயத்தின் நிலவறை அதற்கு நேர்ச் சான்று.

1100 ஆம் ஆண்டையொட்டி, பேராயர் அன்செல்ம் காலத்தில் கட்டப்பட்ட அந்த நிலவறையின் போதிகைகள் அடிப்படை வடிவத்தில் மெத்தைப் போதிகைகளே. ஆனால் அவற்றின் முகங்களில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் மிருகங்களும், பின்னிப் பிணைந்த கொடிகளும், இசைக்கருவி வாசிக்கும் விலங்குகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த மடத்துத் துறவியர் எழுதிய ஏடுகளில் முதலெழுத்துகளைச் சுற்றி வரையப்பட்ட உருவங்களோடு இவற்றுக்கு மிக நெருங்கிய ஒற்றுமை உண்டு. எளிய வடிவம் இங்கே சிற்பிக்குத் தடையாக இல்லை. நான்கு அரைவட்டத் தளங்களை ஒழுங்காகத் தயாரித்துக் கொடுத்த சட்டமாகவே அது பயன்பட்டது. சில போதிகைகளில் ஒரு முகம் முடிந்தும் மற்றொரு முகம் தொடங்கிய நிலையிலும் நின்றுவிட்டிருக்கின்றன. தூணின்மேல் ஏற்றிய பிறகே செதுக்கினார்கள் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. எப்படியாயினும், நெருங்கி நின்று பார்ப்பவருக்கு ஒரு வேலை எந்த வரிசையில் நடந்தது என்பது அங்கே கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

இந்த நிலவறைக்கு மேலே இருந்த பாடகர் கூடம் 1174 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தீப்பிடித்து அழிந்தது. அதைப் புதுப்பிக்க பிரான்சிலிருந்து வந்த சான்ஸ் நகரத்து வில்லியம் அழைக்கப்பட்டார். பழைய வேலையையும் புதிய வேலையையும் நேரில் கண்ட துறவி ஜெர்வேஸ் இரண்டையும் ஒப்பிட்டு எழுதிவைத்திருக்கிறார். இடைக்காலத்தவர் ஒருவரே தம் காலத்துப் போதிகைகளைப் பற்றிப் பேசும் அரிய இடம் அது. பழைய போதிகைகள் வெறுமையாக இருந்தன, புதியவை நுணுக்கமான சிற்பம் உடையவை என்கிறார். பழைய வளைவுகளும் பிறவும் ஒன்று வெறுமையானவை, அல்லது உளியால் அன்றிக் கோடரியால் செதுக்கப்பட்டவை என்றும் சொல்கிறார். நார்மானியச் சுவர்க் கற்களின் முகத்தில் சாய்வாக ஓடும் பட்டைக் கோடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் எவ்வளவு துல்லியமானது என்று புரியும். அவை கோடரியின் தடங்கள்.

ஆனாலும் ஜெர்வேஸ் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. அவர் நின்று எழுதிய தரைக்கு நேர் கீழே, அவர் வெறுமை என்று சொன்ன அதே நூற்றாண்டின் வேலைப்பாடு மிருகங்களோடும் இசைக்கருவிகளோடும் நின்றுகொண்டிருந்தது. புதிய பாணியைக் கண்டு வியந்தவர் பழையதைச் சற்றுக் குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

வெறுமையாக விடப்பட்ட முகங்களும் கல் நிறத்திலேயே விடப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காலத் தேவாலயங்களின் உட்புறம் சுண்ணம் பூசி வண்ணம் தீட்டப்பட்டது. உரோமானியர் விட்டுச்சென்ற செங்கற்களைக் கொண்டு 1077 ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய புனித ஆல்பன் மடாலயத்தில், செங்கல்லில் சிற்பம் செய்ய இயலாத குறையை வண்ணமே நிறைவுசெய்தது. இன்று நாம் காணும் வறண்ட சாம்பல் நிறத்தை வைத்து அவர்களுடைய சுவையை அளப்பது முறையன்று.

நெடுந்தூண்:

மூவருக்கும் நன்றி. கான் நகரத்துச் சுருளும் ரைன் கரைக் கனசதுரமும் வெவ்வேறு குடும்பங்கள் என்ற விளக்கம் எனக்கு இருந்த குழப்பத்தில் பாதியைத் தீர்த்துவிட்டது. சிசிலியைப் பற்றி யாரேனும் சொல்ல முடியுமா? மேலும், ஒரு தேவாலயத்தில் போதிகையை மட்டும் பார்த்துக் காலத்தைக் கணிக்கலாம் என்கிறார்களே, அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பழஞ்சுவர்:

சிசிலிக்குச் சென்றவர்கள் வில்லியத்தின் படையினர் அல்லர். நார்மண்டியைச் சேர்ந்த ஓட்வில் குடும்பத்துச் சகோதரர்கள் தென் இத்தாலியில் கூலிப்படையினராகத் தொடங்கி, 1072 ஆம் ஆண்டில் பலேர்மோவைப் பிடித்தார்கள். 1130 ஆம் ஆண்டில் இரண்டாம் ரோஜர் அரசராக முடிசூடினார். அவர்கள் கைக்கு வந்த நிலத்தில் கிரேக்கக் கைவினைஞர்களும் அரபுக் கைவினைஞர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். பழங்காலக் கட்டடங்களின் பளிங்குத் தூண்களும் போதிகைகளும் எடுத்தாளத் தயாராகக் கிடந்தன. இங்கிலாந்தில் ஒவ்வொரு போதிகையையும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. சில பணிகளுக்குக் கான் நகரத்திலிருந்து கப்பலில் கல் கடல் கடந்து வந்தது. சிசிலியில் அந்தக் கட்டாயமே இல்லை.

1140 ஆம் ஆண்டில் புனிதப்படுத்தப்பட்ட பலேர்மோ அரண்மனைச் சிற்றாலயத்தில் தூண்கள் உரோமானிய மரபிலும், சுவர்கள் பைசாந்தியப் பொன்மொசைக்கிலும், மரவிதானம் அரபுக் கலைஞர்களின் தேன்கூட்டு வேலைப்பாட்டிலும் அமைந்திருக்கின்றன. மொன்ரியாலே பேராலயத்தின் நடுக்கூடத்தில் சிசிலி அரசர் இரண்டாம் வில்லியம் பழைய உரோமானியப் போதிகைகளையே பயன்படுத்தினார். அவற்றுள் சிலவற்றில் வளக்கொம்புகளும் பழைய தெய்வங்களின் முகங்களும் இன்னும் இருக்கின்றன. கிறிஸ்தவ ஆலயத்தின் தூண்மீது அவை இருப்பதை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஒட்டியுள்ள மடத்து முற்றம் அதைவிட வியப்பானது. அங்கே 228 சிறு தூண்கள் இரட்டை இரட்டையாக நிற்கின்றன. போதிகைகள் புதிதாகச் செதுக்கப்பட்டவை. விவிலியக் காட்சிகள், காளையைக் கொல்லும் வீரன், ஆலயத்தைக் கையில் ஏந்தி அன்னை மரியாளுக்குக் காணிக்கையாக்கும் அரசர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி. ஒன்றில், கான்ஸ்டன்டைனின் மகனாகிய பளிங்குத் தச்சர் ரோமானுஸ் என்று ஒருவர் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். பெர்னேயின் இசம்பார்துஸும் மொன்ரியாலேயின் ரோமானுஸும் நார்மானியர் ஆட்சியில் வேலை செய்தவர்கள். ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருக்க மாட்டார்.

உளிமொழி:

காலக் கணிப்பு பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்தைப் பொறுத்தவரை பொதுவான வரிசை இதுதான்: வெறும் மெத்தைப் போதிகை 11 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவுகிறது, மடிப்புப் போதிகை அந்த நூற்றாண்டின் கடைசியில் தோன்றி, அடுத்த நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் நீடிக்கிறது, 1170களிலும் 1180களிலும் மூலைகளில் உள்நோக்கி மடிந்த அகன்ற நீரிலைப் போதிகை வருகிறது, அதன்பின் கோதிக் பாணிக்குரிய விறைத்த இலைகள் இடம்பிடிக்கின்றன. டர்ஹாமில் இதை ஒரே கூரையின்கீழ் பார்க்கலாம். நடுக்கூடத்தில் எட்டு முகப் போதிகை. அங்கிருந்து மேற்கே நடந்து, ஆயர் ஹியூ டி பூயிசே 1170களில் கட்டிய கலிலேயா சிற்றாலயத்துக்குள் நுழைந்தால் மெல்லிய தூண்களின்மேல் நீரிலை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு தலைமுறைகள்.

ஆனால் இந்த வரிசையை ஆண்டுக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய பேராலயத்தில் வழக்கொழிந்த வடிவம் சிற்றூரில் பல ஆண்டுகள் தொடர்ந்து செதுக்கப்பட்டது. பழைய போதிகைகளை எடுத்துப் புதிய சுவரில் வைப்பதும் உண்டு. கற்குறி அவர்கள் குறிப்பிட்ட புனித ஆல்பன் மடாலயத்திலேயே, வெற்றிக்கு முற்பட்ட ஆங்கிலோ-சாக்சன் தேவாலயத்தின் கடைந்த சிறு தூண்களை மேல்மாடத்தில் மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். தூணின் காலத்தை வைத்துச் சுவரின் காலத்தைச் சொன்னால் அங்கே தவறிவிடும். இவற்றையெல்லாம்விடப் பெரிய தொல்லை 19 ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்பு. தேய்ந்த போதிகைகளை அப்புறப்படுத்திவிட்டு அதே வடிவில் புதியவற்றை வைத்த இடங்கள் ஏராளம். விளிம்புகள் மிகக் கூர்மையாகவும், அரைவட்டங்கள் அனைத்தும் ஒரே அளவாகவும், கோடரியின் சாய்ந்த தடம் எங்குமே இல்லாமலும் இருந்தால் ஐயப்படுங்கள்.

நான் முதலில் பார்ப்பது போதிகையை அன்று, அதன்மேல் உள்ள பலகையை. சதுரமாக, கீழ்விளிம்பு மட்டும் சாய்வாகச் சீவப்பட்டிருந்தால் நார்மானிய வேலைப்பாடு என்று எண்ணலாம். வட்டமாகவோ பல கோணங்களாகவோ பல வரிகளுடன் குடையப்பட்டோ இருந்தால் 12 ஆம் நூற்றாண்டின் இறுதியை நெருங்கிவிட்டோம் என்று பொருள். புதுப்பித்தவர்கள் போதிகைக்குக் காட்டிய அக்கறையைப் பலகைக்குப் பல இடங்களில் காட்டவில்லை. ஆகவே பழைய கல் தப்பிப் பிழைத்திருக்கும் வாய்ப்பு அங்கே கூடுதல்.